அழிய மறுக்கும் கோப்பும் அழிந்துபோகும் தரவும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் கணிப்பொறியின் வன்தட்டைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டோ எனச் சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே நம் விடை. ஓலையில் எழுதிய காலம் மாறித் தாளில் எழுதினோம். தாளில் எழுதிய காலமும் மாறி இன்று வன்தட்டில் எழுதுகிறோம். ஆய்வேடுகள், சொல்லடைவுகள், பதிப்புப் பணிகள், மாணவர் மதிப்பெண் பட்டியல்கள் ஆகிய யாவும் உள்ளங்கை அகலமுள்ள ஓர் உலோகப் பேழைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஓலையைச் செல் அரிக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனாலேயே எண்ணெய் பூசிக் காத்தனர். நைந்த சுவடியைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். வன்தட்டை எது அரிக்கும் என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் துறையில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். ஆய்வு மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்குரிய சொல்லடைவைத் துறைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து வந்தார். ஒருநாள் மாலை, தேவையற்ற பழைய கோப்புறை ஒன்றை அழிக்க முயன்றார். அது அழியவில்லை. 'கோப்பு அல்லது கோப்புறை சிதைவுற்றுள்ளது. படிக்க இயலவில்லை' என்னும் பொருள்படத் திரையில் ஒரு செய்தி தோன்றியது. அவர் மீண்டும் மீண்டும் முயன்றார். கணிப்பொறியை அணைத்து ஏற்றினார். நண்பர் ஒருவர் கூறக்கேட்டு, எக்கோப்பையும் வலிந்து அழிக்கவல்லது எனப்பட்ட மென்பொருள் ஒன்றை அதே வன்தட்டில் நிறுவினார். அதுவும் பயனளிக்காது போகவே, பழுது நீக்கும் கட்டளையை இட்டுவிட்டு இல்லம் சென்றார். மறுநாட் காலை அக்கோப்புறை இல்லை. அதனுடன் அவருடைய சொல்லடைவும் இல்லை. பெயரிழந்து, வெறும் எண்களைப் பெயராகத் தாங்கிய நூற்றுக்கணக்கான துணுக்குகளே எஞ்சியிருந்தன. முந்தைய மாதங்களின் படி ஒன்று அவருடைய நெறியாளரிடம் இருந்தமையால் பாதி மீண்டது. இறுதி நான்கு மாத உழைப்பு மீளவே இல்லை.

அம்மாணவர் செய்தவற்றுள் எதுவும் தீய நோக்கில் செய்யப்பட்டதன்று. ஆயின் அழிய மறுத்த கோப்பை அவர் பகையாகக் கருதினார். உண்மையில் அது வரவிருக்கும் கேட்டை முன்கூட்டி உரைக்க வந்த தூது. அத்தூதின் மொழியை அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தட்டும் பட்டியலும்

முதல் வன்தட்டு 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அப்பெரும் பொறி ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்கியது. இன்று கைக்கு அடக்கமான ஒரு பேழை இருபது டெராபைட்டுக்கும் மேற்பட்ட தரவைத் தாங்குகிறது. எனினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல், சில நானோமீட்டர் இடைவெளியில் படிப்புமுனை மிதந்து செல்கிறது. மனித மயிரிழையின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்விடைவெளியின் நுண்மை விளங்கும். ஒரு தூசியும், ஓர் அதிர்ச்சியும் அங்கே பெரும் விபத்தாகும்.

தட்டின் பரப்பு 'செக்டர்' எனப்படும் சிறு துண்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நெடுங்காலம் ஒரு துண்டம் 512 பைட்டுகளைக் கொண்டிருந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து 4096 பைட்டுகள் கொண்ட துண்டங்கள் வழக்கிற்கு வந்தன. கோப்பு ஒன்று இத்தகைய துண்டங்கள் பலவற்றில், சில வேளைகளில் தட்டின் வெவ்வேறு மூலைகளில், சிதறி அமைகிறது. சிதறிக் கிடப்பவற்றைக் கோப்பாகக் கோத்துத் தருவது தனியே வைக்கப்பட்டுள்ள ஒரு பட்டியலேயாகும்.

நூலகத்தை உவமையாகக் கொள்வோம். அடுக்குகளில் நூல்கள் உள்ளன. வாயிலில் நூற்பட்டியல் உள்ளது. எந்நூல் எவ்வடுக்கில் உள்ளது என்பதைப் பட்டியலே அறியும். வன்தட்டில் இப்பட்டியலையும் அதனை ஆளும் விதிகளையும் சேர்த்துக் கோப்பு முறைமை என்கிறோம். 1977இல் மார்க் மெக்டொனால்டு வகுத்த 'ஃபேட்' முறைமையும், 1993இல் விண்டோஸ் என்டியுடன் வந்த 'என்டிஎஃப்எஸ்' முறைமையும், லினக்ஸ் இயங்குதளத்தில் 2008 முதல் வழங்கும் 'ஈஎக்ஸ்டி4' முறைமையும் பட்டியல் எழுதும் வெவ்வேறு நெறிகளே. ஃபேட் முறைமை பட்டியலின் இரண்டாம் படியொன்றை அருகிலேயே வைத்துக்கொள்கிறது. பட்டியலின்றித் தரவு இருந்தும் இல்லாததேயாகும் என்பதை அதனை வகுத்தோர் அறிந்திருந்தனர்.

அழித்தல் என்பது யாது?

கோப்பை அழித்தல் என்றதும் கரும்பலகையைத் துடைப்பது போன்றதொரு செயல் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. அது பிழையான கருத்து. கோப்பு அழிக்கப்படும்போது பொதுவாக அதன் உள்ளடக்கத்தைக் கணிப்பொறி தொடுவதே இல்லை. ஃபேட் முறைமையில், பட்டியலிலுள்ள கோப்புப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு தனிக்குறி இடப்படுகிறது. அக்கோப்பிற்குரிய துண்டங்கள் வெற்றிடம் எனக் குறிக்கப்படுகின்றன. அவ்வளவே. என்டிஎஃப்எஸ் முறைமையில் அக்கோப்பின் பதிவு 'பயனில் இல்லை' எனக் குறிக்கப்படுகிறது. நூலக உவமையிற் சொல்வதாயின், பட்டியலில் ஒரு வரி அடிக்கப்படுகிறது. நூல் அடுக்கிலேயே இருக்கிறது. அவ்விடத்தில் வேறு நூல் வைக்கப்படும்வரை பழைய நூலை மீட்டெடுக்க வழியுண்டு. தவறுதலாக அழித்த கோப்பை மீட்கும் மென்பொருள்கள் யாவும் இவ்வுண்மையையே பயன்கொள்கின்றன. சுழலும் தட்டின்றி மின்னணுச் சில்லுகளால் அமைந்த 'எஸ்எஸ்டி' வகையில் இவ்வாய்ப்பு குறைவு. அங்கே அழிக்கப்பட்ட இடங்களை இயங்குதளம் உடனே தெரிவித்துவிட, அக்கருவி அவற்றைத் தானே தூய்மை செய்துகொள்கிறது.

இதிலிருந்து பெறப்படும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு. அழித்தல் என்பது துடைத்தலன்று, பட்டியலில் எழுதுதல். எனவே கோப்பு ஒன்று அழிய மறுக்கின்றது எனில், பட்டியலில் எழுதக் கணிப்பொறி மறுக்கின்றது என்பதே பொருள். ஏன் மறுக்கின்றது என்பதை ஆராய்ந்தே நாம் அடுத்த அடியை எடுத்துவைத்தல் வேண்டும்.

மறுப்பின் நான்கு காரணங்கள்

முதலாவது, கோப்பு பிறிதொரு மென்பொருளின் கையில் இருத்தல். சொற்செயலியில் திறந்து வைத்த ஆவணம், நச்சுநிரல் தடுப்பான் ஆய்ந்துகொண்டிருக்கும் கோப்பு முதலியவற்றை விண்டோஸ் அழிக்க விடுவதில்லை. 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்னும் செய்தி இதனை உணர்த்தும். வாசகர் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் நூலை நூலகர் பிடுங்குவதில்லை என்பது போன்றதே இது. உரிய மென்பொருளை மூடினாலோ, கணிப்பொறியை ஒருமுறை அணைத்து ஏற்றினாலோ பெரும்பாலும் தீர்ந்துவிடும். விண்டோஸில் உள்ள 'ரிசோர்ஸ் மானிட்டர்' கோப்பைப் பற்றியிருக்கும் மென்பொருள் இன்னதென்று காட்டும். லினக்ஸில் 'எல்எஸ்ஓஎஃப்' என்னும் கட்டளை அப்பணியைச் செய்யும். யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்கள் திறந்திருக்கும் கோப்பையும் அழிக்க விடுகின்றன. ஆனால் அங்கே பெயர் மட்டும் நீங்கும், பற்றியிருக்கும் மென்பொருள் விடும்வரை இடம் விடுபடாது.

இரண்டாவது, உரிமை இன்மை. கோப்பு வேறொரு பயனர் பெயரில் உருவாக்கப்பட்டிருக்கலாம். பழைய கணிப்பொறியின் வன்தட்டைக் கழற்றிப் புதியதில் இணைக்கும்போது இது மிகுதியும் நேரும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதே இதன் செய்தி. யூனிக்ஸ் மரபில் ஒரு நுட்பம் உண்டு. கோப்பை அழிக்கும் உரிமை கோப்பின் மீதன்று, அது உறையும் கோப்புறையின் மீதே சார்ந்துள்ளது. பெயர் இருப்பது கோப்புறையிலாதலின், பெயரை நீக்குவதும் கோப்புறையைத் திருத்துவதாகவே கொள்ளப்படும். நிருவாகியின் உரிமையோடு நுழைந்து கோப்பின் உடைமையை ஏற்றால் இச்சிக்கல் தீரும். இயங்குதளத்திற்குரிய கோப்புறைகளில் மட்டும் இதனைச் செய்தல் ஆகாது.

மூன்றாவது, பெயரால் வரும் இடர். 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய 'சிபி/எம்' இயங்குதளத்தின் மரபு பின்னர் டாஸிலும், அதன் வழியே விண்டோஸிலும் புகுந்தது. அம்மரபின்படி 'கான்', 'பிஆர்என்', 'ஆக்ஸ்', 'நல்' போன்ற பெயர்கள் விசைப்பலகை, அச்சுப்பொறி முதலிய கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. லினக்ஸ் வழியாகவோ வலையமைப்பின் வழியாகவோ இப்பெயரில் ஒரு கோப்பு வன்தட்டில் வந்து சேர்ந்துவிட்டால், விண்டோஸ் அதனைக் கோப்பாகவே கருதாமல் திகைக்கும். பெயரின் இறுதியில் புள்ளியோ இடைவெளியோ அமைந்தாலும், முழுப் பாதை 260 எழுத்துகளைத் தாண்டினாலும் இத்தகு இடர் நேரக்கூடும். கட்டளைச் சாளரத்தில் முழுப் பாதைக்கு முன்னர் இரண்டு பின்சாய்கோடுகள், ஒரு வினாக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு என இட்டு அழிக்கும் கட்டளையைத் தந்தால், பெயரை ஆராயாது அப்படியே ஏற்குமாறு விண்டோஸைப் பணிக்கலாம். மிகை நீளமுள்ள பாதையாயின், மேலுள்ள கோப்புறைகளின் பெயரைச் சுருக்குவதே எளிய வழி.

நான்காவது, பட்டியலே சிதைந்திருத்தல். நம் மாணவர் கண்டது இதனையே. இதனை விரிவாகக் காணுமுன், மூன்றாவது வகையில் தமிழருக்கே உரிய சில சிக்கல்களைச் சுட்டுதல் வேண்டும்.

தமிழ்ப் பெயரும் கோப்பு முறைமையும்

யூனிகோடு வழக்கிற்கு வருமுன்னர் தமிழுக்குப் பற்பல எழுத்துருக் குறியீடுகள் வழங்கின. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளைத் தரப்படுத்தியதும் அறிவோம். அக்காலத்துக் கோப்பைத் திறக்கும்போது பொருளற்ற குறிகள் தோன்றினால், 'தரவு சிதைந்துவிட்டது' எனக் கருதி அதனை அழித்துவிடுவோர் உளர். இது பெரும் பிழை. எழுத்துருவோ குறியீடோ மாறியமையால் வரும் மயக்கம் அது. கோப்பு முழுமையாகவே இருக்கும். உரிய மாற்றியின் வழி யூனிகோடாக்கினால் ஒவ்வோர் எழுத்தும் மீளும்.

யூனிகோடிலும் நுட்பமான ஓர் இடருண்டு. 'கோ' என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. என்டிஎஃப்எஸ் போன்ற முறைமைக்கு இரண்டும் வேறு. எனவே 'சோழர்' என்னும் பெயரில் இரண்டு கோப்புறைகள் ஒரே இடத்தில் இருப்பது போலத் தோன்றும். பெயரைத் தட்டச்சு செய்து ஒன்றை அழிக்க முயன்றால் 'அப்படியொரு கோப்பு இல்லை' என மறுமொழி வரும். இந்நிலையில் பெயரைத் தட்டச்சு செய்யாது, சுட்டியால் தேர்ந்து பெயர் மாற்றிவிட்டு அழித்தலே தக்கது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்பிற்கும் உரிய 'ஐநோடு' எண்ணைக் கண்டு, அவ்வெண்ணாலேயே கோப்பைச் சுட்டி அழிக்கலாம்.

மேலும் ஈஎக்ஸ்டி4 முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆகவே தமிழ்ப் பெயருக்குக் கிடைப்பவை 85 குறியீடுகளே. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால் ஆய்வேட்டின் நீண்ட தலைப்பையே கோப்பின் பெயராக இடும் வழக்கத்தைக் கைவிடுதல் நன்று.

பட்டியல் சிதைவதன் காரணங்கள்

இனி நான்காவது வகைக்கு வருவோம். பட்டியல் சிதைவதற்கு மின்தடை முதற்காரணம். கணிப்பொறி எழுதுவதை உடனுக்குடன் தட்டில் எழுதுவதில்லை. விரைவு கருதி நினைவகத்தில் சேர்த்துவைத்துப் பின்னர் எழுதுகிறது. பட்டியலின் ஒரு பகுதி எழுதப்பட்டு, மறுபகுதி எழுதப்படுமுன் மின்சாரம் நின்றால் பட்டியல் முன்னுக்குப்பின் முரணாகிறது. பென் டிரைவை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்குவதும் இதற்கு ஒப்பானதே. என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 போன்றவை செய்யவிருக்கும் மாற்றத்தை முன்னரே ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்துக்கொண்டு இவ்விடரைப் பெரிதும் தவிர்க்கின்றன. ஆயினும் அந்நாட்குறிப்பு பட்டியலைக் காப்பதற்கே முதன்மையாக அமைந்தது. கோப்பின் உள்ளடக்கத்திற்கு அது முழுப் பொறுப்பேற்பதில்லை.

இரண்டாம் காரணம் தட்டின் மூப்பு. காந்தப் பரப்பில் சில துண்டங்கள் படிக்க இயலாதனவாகும். வன்தட்டில் இதற்கென உபரித் துண்டங்கள் உள்ளன. படிக்க இயலாத துண்டத்தை வன்தட்டு முதலில் ஐயப் பட்டியலில் வைக்கும். அங்கே மீண்டும் எழுத நேரும்போது, தேவையெனில் உபரித் துண்டத்திற்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் படிக்க இயலாமற்போன துண்டம் கோப்புப் பட்டியலின் ஒரு பகுதியாக இருந்துவிட்டால் ஒரு கோப்பன்று, ஒரு கோப்புறையே மறைந்துவிடும்.

சிதைந்த பட்டியலின்மேல் அழித்தற் பணி ஏன் தீங்காகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பட்டியற் பிழையால் ஒரே துண்டங்களை இரண்டு கோப்புகள் தமக்குரியவை எனக் கூறும் நிலை உண்டு. அவற்றுள் தேவையற்ற கோப்பை நாம் அழித்தால், அதற்குரியனவாகக் காட்டப்பட்ட துண்டங்கள் வெற்றிடமாக அறிவிக்கப்படும். அடுத்து எழுதப்படும் எக்கோப்பும் அவ்விடத்தில் வந்து அமரலாம். அந்நொடியில் நமக்குத் தேவையான மற்றைக் கோப்பு பாழாகும். ஆகவே பட்டியலை நம்ப இயலாத நிலையில் இயங்குதளம் 'அழிக்கமாட்டேன்' என்று கூறுவது முரண்டன்று; காவல். பிழை கண்ட மாத்திரத்தில் வட்டு முழுவதையும் படிப்பதற்கு மட்டும் உரியதாக மாற்றிவிடுமாறு லினக்ஸை அமைத்துவைப்பதும் இக்காவல் கருதியே. அப்போது எக்கோப்பும் அழியாது. பழுதுற்ற பென் டிரைவுகள் சிலவற்றில் கோப்பு அழிந்ததுபோலத் தோன்றி, மறுமுறை செருகும்போது மீண்டும் தோன்றுவதுண்டு. எழுதும் ஆற்றலை அது இழந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

முதலில் படியெடுத்தல், பின்னர்ப் பழுதுநீக்கல்

இத்தகைய செய்தியைக் காண்போர் செய்யத்தக்கவற்றை முறைப்படுத்திக் கூறுவோம்.

முதலில், அவ்வன்தட்டில் எதனையும் எழுதுவதை நிறுத்துக. புதிய மென்பொருளை அதில் நிறுவுதல் கூடாது. நம் மாணவர் நிறுவிய மென்பொருள்தானே, மீட்கத்தக்க இடங்கள் சிலவற்றின்மேல் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

அடுத்து, ஒலியையும் வேகத்தையும் கவனிக்க. வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்னும் ஒலி எழுந்தாலோ, கோப்பைத் திறக்கும்போது கணிப்பொறி நெடுநேரம் உறைந்து நின்றாலோ, குறை பட்டியலில் மட்டுமன்று. தட்டிலும் உள்ளது எனக் கொள்க. மதிப்புமிக்க தரவாயின் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பில் பயிற்சியுடையோரை நாடுதலே சாலும். ஒவ்வொரு சுழற்சியும் சேதத்தை மிகுவிக்கும்.

அவ்வாறான அறிகுறி இல்லையெனில், இன்றியமையாத கோப்புகளை முதலில் வேறொரு வட்டிற்குப் படியெடுக்க. பின்னர் வன்தட்டு முழுவதையும் துண்டம் துண்டமாகப் படியெடுத்தல் சிறப்பு. இதற்கெனக் கட்டற்ற மென்பொருளாகக் கிடைப்பது அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய 'டிடிரெஸ்க்யூ'. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இடர் தரும் பகுதிகளைத் தாண்டிச் சென்று, அவற்றைக் குறித்துவைத்துப் பின்னர் மீண்டும் முயல்வது அதன் நெறி. சாகும் தறுவாயிலுள்ள வட்டிடமிருந்து இயன்றமட்டும் விரைவில் பெறவேண்டியதைப் பெறும் முறை இது. கிறிஸ்தோப் கிரனியே உருவாக்கிய 'டெஸ்ட்டிஸ்க்', 'போட்டோரெக்' என்னும் மென்பொருள்களை அப்படியின்மேல் இயக்கி, இழந்த பிரிவுகளையும் கோப்புகளையும் தேடலாம்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே பழுதுநீக்கும் கட்டளை. விண்டோஸில் 'செக்டிஸ்க்', லினக்ஸில் 'எஃப்எஸ்சிகே' என்பன அவை. இவற்றின் இயல்பைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அவற்றின் கடமை பட்டியலை முரணற்றதாக்குதல். நம் தரவைக் காத்தல் அன்று. பட்டியலில் பொருந்தாத பதிவை வெட்டி எறிவதும் அவற்றிற்கு உடன்பாடே. உரிமையாளர் தெரியாத துணுக்குகளைப் 'ஃபவுண்டு.000' போன்ற கோப்புறையில் எண்ணிட்டுப் போட்டுவிடும். நம் மாணவர் மறுநாட் காலையில் கண்டவை அவையே. செக்டிஸ்க்கைத் திருத்தும் ஆணையின்றி இயக்கினால் அது பிழைகளைக் காட்டுமேயன்றி எதனையும் மாற்றாது. முதலில் அவ்வாறே இயக்கிப் பார்த்தல் அறிவுடைமை. பழுது நீங்கியபின், அழிய மறுத்த கோப்பும் பெரும்பாலும் எதிர்ப்பின்றி அழியும்.

ஓசையின்றி நேரும் சிதைவு

செய்தி அறிவித்து வரும் சிதைவு ஒருவகையில் நற்பேறே. எவ்வறிவிப்புமின்றி நேரும் சிதைவு அதனினும் கொடிது. 'ப' என்னும் எழுத்தின் யூனிகோடு எண்ணும் 'ம' என்னும் எழுத்தின் எண்ணும் இரும வடிவில் ஒரேயொரு பிட்டால் மட்டுமே வேறுபடுகின்றன. அந்த ஒரு பிட்டு புரண்டால் 'பணம்' என்பது 'மணம்' ஆகும். 'பதி' என்பது 'மதி' ஆகும். கோப்பு திறக்கும், அச்சாகும், பிழை என ஒருவரும் ஐயுறார். பின்னாளில் அதுவே ஒரு பாடவேறுபாடாக நின்றுவிடவும் கூடும்.

ரிச்சர்டு ஹேமிங் 1950இல் வெளியிட்ட பிழை திருத்தும் குறியீடுகளின் வழிவந்த முறைகள் வன்தட்டின் ஒவ்வொரு துண்டத்திலும் இன்று உள்ளன. எனவே தட்டில் புரளும் தனிப் பிட்டு பெரும்பாலும் அங்கேயே திருத்தப்படும். எனினும் நினைவகம், இணைப்பு வடம், கட்டுப்பாட்டுப் பொறி ஆகிய இடங்களில் நேரும் பிழை அக்காவலைக் கடந்துவிடலாம். ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வகம் 2007இல் இதனை ஆராய்ந்து, ஓசையற்ற சிதைவுகள் உண்மையிலேயே நேர்கின்றன எனக் கண்டது. லட்சுமி பைரவசுந்தரம் முதலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை 41 மாதங்கள் கண்காணித்து, 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட சரிபார்ப்புப் பிழைகளைப் பதிவு செய்தது.

இதனை அறிய வழி சரிபார்ப்பு எண்ணே. 'ஷா-256' போன்ற கணிப்பு முறை, கோப்பு எத்துணைப் பெரிதாயினும் அதிலிருந்து நிலையான நீளமுள்ள ஒரு குறிச்சொல்லைத் தரும். ஒரு பிட்டு மாறினும் அது முற்றிலும் வேறாகிவிடும். முடிந்த ஆய்வேட்டின் சரிபார்ப்பு எண்ணைத் தனியே குறித்துவைத்தால், ஆண்டுகள் பல கழிந்தும் கோப்பு மாறியதா என உறுதி செய்யலாம். 2005இல் வெளிவந்த 'இசட்எஃப்எஸ்' போன்ற கோப்பு முறைமைகள் இதனைத் தாமே செய்கின்றன.

வருமுன் காத்தல்

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே கணக்கிட்டுக் கூறும் 'ஸ்மார்ட்' என்னும் ஏற்பாடு உண்டு. மாற்றப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கையும், ஐயத்திற்குரிய துண்டங்களின் எண்ணிக்கையும் உயரத் தொடங்கினால் அவ்வட்டை மாற்றிவிடுதல் வேண்டும். கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இரண்டு செய்திகளைக் கூறுகிறது. பரப்பாய்வில் முதற்பிழை கண்ட வட்டு, அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு ஏனையவற்றைவிட 39 மடங்கு மிகுதி என்பது ஒன்று. செயலிழந்த வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முதன்மையான நான்கு அறிகுறிகளுள் எதனையும் முன்னர்க் காட்டவில்லை என்பது மற்றொன்று. அறிகுறி வந்தால் அஞ்சுக. வராவிட்டாலும் நம்பற்க என்பதே இவற்றின் சாரம்.

ஆகவே காப்புப்படியே கதி. மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறிடத்தில் என்பது அறிஞர் கூறும் எளிய நெறி. ஒரே வன்தட்டில் இரண்டு கோப்புறைகளில் வைத்தல் இரண்டு படிகள் ஆகா. எடுத்த படியைத் திறந்து பார்க்காதவரை அது படியென்றும் ஆகாது. திங்களுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை அதிலிருந்து திறந்து படித்தல் நன்று.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தமைக்கு, பல ஊர்களில் பலர் வீட்டில் அதன் ஏட்டுப்படிகள் இருந்தமை ஒரு காரணம். ஓர் ஏட்டில் சிதைந்த இடத்தைப் பிறிதோர் ஏடு நிரப்பியது. ஒரே இடத்தில் ஒரே சுவடியாக இருந்திருப்பின் செல்லே அதன் இறுதி வாசகராயிருக்கும். நம் கால ஏடுகளுக்கும் விதி இதுவே.

முன்னர்க் குறிப்பிட்ட மாணவர் இழந்த நான்கு மாதப் பணியை மீண்டும் தட்டச்சு செய்து, ஓராண்டு காலம் தாழ்த்தித் தம் ஆய்வேட்டை அளித்தார். இன்று அவர் ஓர் ஆசிரியர். தம்மிடம் ஆய்வுக்கு வருவோரிடம் தலைப்பைக் கேட்பதற்கு முன்னர், 'படி எத்தனை வைத்திருக்கிறீர்கள்?' என்றே வினவுகிறார்.